சேலத்தில் குழந்தைக்குப் பெயர் தேடுகிறீர்களா? முதல்முறை பெற்றோருக்கான செய்முறை

குழந்தை பிறந்த வீட்டில் பெயர் தேடும் வேலை இப்போது செல்போனில்தான் தொடங்குகிறது. அப்பா ஒரு ஆப்பில் பட்டியல் எடுக்கிறார், அத்தை வாட்ஸ்அப்பில் பத்துப் பெயர் அனுப்புகிறார், ஜோசியர் நாலு எழுத்து எழுதிக் கொடுக்கிறார். எல்லாம் ஒன்றாக வந்து விழும்போது தலை சுற்றும். நான் அம்மாப்பேட்டையில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் என்று நாள் முழுக்க பெயர்களைத் தட்டச்சு செய்வதுதான் பிழைப்பு. எந்தப் பெயர் சிக்கலில்லாமல் ஓடுகிறது, எது திரும்பத் திரும்பத் திருத்தத்துக்கு வருகிறது என்பது கண்ணெதிரே தெரிகிறது. புதுப்பாணிப் பெயர் வைப்பதில் ஒரு தப்பும் இல்லை. முடிவுகளை எந்த வரிசையில் எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கூப்பிடும் ஒலி முதலில், எழுத்துக்கூட்டு அடுத்து, பதிவு அதற்கப்புறம்.

படி 1: பிறந்த நேரத்தைக் குறித்து வையுங்கள்

நட்சத்திரம் பார்க்கும் குடும்பம் என்றால் இது முதல் வேலை. பார்க்காத குடும்பம் நேராக இரண்டாம் படிக்குப் போகலாம்.

மொத்தம் 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம் (கால் பகுதி), ஒவ்வொரு பாதத்துக்கும் பெயர் தொடங்க ஒரு எழுத்து, ஆக 108 எழுத்து. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கச் சுமார் ஒரு நாள் ஆகும். ஒரு பாதத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். அதனால் ‘காலையில் பிறந்தது’ என்று சொன்னால் போதாது. மருத்துவமனையில் எழுதிய நேரத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகைக்கு அ, இ, உ, ஏ. மகத்துக்கு ம, மி, மு, மே. இவர்களுக்குக் கவலையே இல்லை: இனியன், அகரன், மகிழினி, முகிலன் என்று தமிழிலேயே கொட்டிக் கிடக்கிறது. கேட்டைக்கு நோ, ய, யி, யு. யாழினி என்ற பெயரை இந்த நட்சத்திரக்காரர்கள் விரும்பிக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்கல் வருவது ஆயில்யத்துக்கும் திருவாதிரைக்கும் அஸ்தத்துக்கும். ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. தமிழ் இலக்கணப்படி ட என்ற எழுத்தில் சொல்லே தொடங்காது. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு ங, அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு ண. இந்த எழுத்துகளில் பெயரைத் தேடி ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த எழுத்து வரிசை வடமொழி ஒலிகளை வைத்து அமைந்தது. தமிழுக்கு அது முழுதாகப் பொருந்தாது. அதே நட்சத்திரத்தின் வேறு பாதத்து எழுத்தையோ, அதே ராசியில் உள்ள பக்கத்து நட்சத்திரத்தின் எழுத்தையோ எடுத்துக்கொள்வது வழக்கத்தில் இருக்கிறது. ஆயில்யம் கடக ராசி. அதே ராசியில் பூசம் இருக்கிறது, அதற்கு ஹு, ஹே, ஹோ, ட. ஆயில்யத்தில் பிறந்த பிள்ளைக்கு ஹேமந்த், ஹேமா என்று வைப்பது இப்படித்தான். இன்னும் சிலர் நட்சத்திரப் பெயரைத் தொட்டில் போடும் அன்று குழந்தையின் காதில் மட்டும் சொல்லிவிட்டு, சான்றிதழுக்கு வேறு பெயர் வைக்கிறார்கள். அதுவும் நல்ல வழிதான்.

படி 2: ஆப்பைத் திறக்கும் முன் வீட்டுப் பெயர்களை எழுதுங்கள்

ஒரு தாளில் தாத்தா, அப்பாயி, அம்மாயி, அவர்களுக்கு முந்தின தலைமுறை, குலதெய்வம், ஊர்க் கோயில் என்று எல்லாப் பெயரையும் எழுதுங்கள். அம்மாயியிடம் கேட்டால் நீங்கள் கேள்விப்படாத பெயர்கள் வரும்: பாவாயி, பெருமாயி, நல்லம்மாள், சடையன். நம் பக்கத்து மண்ணின் பெயர்கள் இவை. அப்படியே வைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

சேலத்தில் பிறந்த பெயர்கள் தனியாகவே இருக்கின்றன. சுகவனேசுவரர் கோயிலால் சுகவனம், கஞ்சமலைச் சித்தர் கோயிலால் சித்தேசுவரன், கோட்டை மாரியம்மனால் மாரியப்பன், மாரிமுத்து. ஏற்காட்டு மலை உச்சியில் குகைக்கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் சேர்ந்தே இருக்கிறார்கள். காவேரி என்ற பெயர் எந்தக் காலத்திலும் பழசாகாது என்பது என் எண்ணம். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றவர் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன். அந்தப் பெயரை ‘கிராமத்துப் பெயர்’ என்று ஒதுக்குகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

பழைய பெயரைச் சுருக்கிப் புதுசாக்குவது இப்போதைய பாணிகளில் எனக்குப் பிடித்தது. சுகவனம் என்ற தாத்தாவின் பேரனுக்குச் சுகன், சித்தேசுவரன் வழியில் சித்தேஷ், கந்தசாமி வழியில் கந்தன். தாத்தாவுக்கும் மனசு நிறையும், பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தில் கூச்சம் இருக்காது.

படி 3: இப்போது ஓடும் பாணிகளைப் பாருங்கள்

எனக்குத் தட்டச்சுக்கு வருகிற பெயர்களில் இரண்டு பெரிய ஓட்டங்கள் தெரிகின்றன.

ஒன்று ஷ், ஹ், ஜ, க்ஷ கலந்த வடமொழி ஓசைப் பெயர்கள்: தன்ஷிகா, ரக்ஷிதா, ஜஸ்விகா, ஹர்ஷித், விஹான், ஆரவ். கேட்க மென்மையாக இருக்கிறது, எந்த மாநிலத்திலும் புரியும் என்பது பெற்றோர் சொல்லும் காரணம். இதில் கவனிக்க வேண்டியது பொருள். இணையப் பட்டியல்களில் எந்தப் பெயரைத் தட்டினாலும் ‘சிவன்’, ‘விஷ்ணு’, ‘ஒளி’ என்று ஏதாவது ஒன்று போட்டிருப்பார்கள். ஓசைக்காகக் கோத்த பெயர்களுக்கும் அப்படியே பொருள் கொடுத்துவிடுகிறார்கள். சமஸ்கிருதம் படித்த ஒருவரிடம் கேட்காமல் அந்தப் பொருளை நம்ப வேண்டாம்.

இன்னொன்று தமிழ்ப் பெயர்கள்: யாழினி, நிலா, ஆதிரை, நறுமுகை, மகிழன், இனியா, கவின், செழியன். இது நேற்று வந்த ஆசை கிடையாது. 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம், மறைமலை அடிகள் என்று தன் பெயரையே மாற்றிக்கொண்டார். அதற்கப்புறம் திராவிட இயக்கக் காலத்தில் அன்பழகன், தமிழ்ச்செல்வன், கண்ணகி என்று ஒரு அலை. இப்போது ஓடுவது அந்த வரிசையில் அடுத்தது. பெயர்கள் குட்டையாகி இருக்கின்றன, அவ்வளவுதான். பொருள் பார்க்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1924-லிருந்து 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம்.

தமிழ்ப் பெயர் தேடும் சேலத்துக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். அதியன், ஓரி இரண்டும் நம் பெயர்கள். அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. 1965 வரை அது சேலம் மாவட்டம். வல்வில் ஓரியின் கொல்லிமலை 1997-ல் நாமக்கல் தனியாகும் வரை நம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. பாரியை வைக்கிற அளவுக்கு ஓரியை யாரும் வைப்பதில்லை. இரண்டே எழுத்து, வாய் நிறைய வரும், வகுப்பில் இன்னொரு ஓரி இருக்க வாய்ப்புக் குறைவு.

நடிகர், கிரிக்கெட் வீரர் பெயர்களும், அப்பா அம்மா பெயரை ஒட்டிச் செய்யும் பெயர்களும் இருக்கின்றன. அவை அவரவர் ஆசை.

படி 4: வாசலில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள்

மூன்று அல்லது நான்கு பெயராகக் குறைத்த பிறகு இதைச் செய்யுங்கள். வீட்டுக்குள் இருந்து தெருமுனைக்குக் கேட்கும்படி உரக்கக் கூப்பிடுங்கள். நெடில் எழுத்து உள்ள பெயர் தூரம் போகும்: நிலா, யாழினி, ஆதிரை. ‘ஜஸ்வந்த்’ போல மெய்யில் முட்டி நிற்கும் பெயரை நாலே நாளில் ‘ஜஸ்ஸு’ ஆக்கிவிடுவார்கள். அந்தச் சுருக்கமும் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை பாதி வாழ்க்கைக்கு அதைத்தான் கேட்கப் போகிறது.

அடுத்து, வீட்டிலேயே வயதான ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். இங்கே என் மேசைக்கு எதிரில் ஒரு அப்பாயி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் தன்ஷிகா. ‘தன்சிகா, தஞ்சிகா’ என்று இரண்டு முறை முயன்று, ‘எனக்கு வர்ல கண்ணு’ என்று சொல்லிவிட்டுக் குழந்தையைச் ‘சாமி’ என்றே கொஞ்சினார். அன்பு குறையப் போவதில்லை. இருந்தாலும் பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு வாயில் வருகிற பெயராக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் இரண்டு மொழியிலும் சொல்லிப் பாருங்கள்.

படி 5: தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி முடிவு செய்யுங்கள்

என் அனுபவத்தில் அதிகச் சிக்கல் இங்கேதான். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் பெயர் இரண்டு மொழியிலும் அச்சாகும். யாழினியின் ழகரத்துக்குச் சிலர் இசட்-ஹெச் போடுகிறார்கள், சிலர் வெறும் எல், சிலர் இரண்டு எல். ரிதன்யாவில் வரும் த-வுக்கு ஆங்கிலத்தில் DH போடுவதா TH போடுவதா என்று கணவன் மனைவி என் கணினித் திரை முன்னால் நின்று பேசித் தீர்த்திருக்கிறார்கள். அங்கே வந்து முடிவு செய்யாதீர்கள். வரிசையில் ஆள் நிற்கும்போது அவசரத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவீர்கள்.

எண் கணிதம் பார்ப்பதாக இருந்தால் அதையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். கணக்கு எளிதுதான். பரவலாக இருக்கும் கல்தேய முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை ஒரு மதிப்பு. கவின் என்பதை ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தில் எழுதினால் 2, 1, 6, 1, 5, கூட்டினால் 15, அதைக் கூட்டினால் 6. ஒரு ஏ சேர்த்தால் ஒன்று கூடி 16, அதாவது 7. ஒரு ஹெச் சேர்த்தால் ஐந்து கூடி 20, அதாவது 2. பெயர்களில் திடீரென்று இரட்டை ஏ-யும் ஹெச்-சும் முளைப்பது இந்தக் கூட்டலால்தான். நம்பிக்கை உள்ளவர்கள் பாருங்கள். ஆனால் பள்ளியில் சேர்த்த பிறகு எண் சரியில்லை என்று எழுத்தைச் சேர்த்தால், ஆதாரில் ஒன்று, மதிப்பெண் சான்றிதழில் ஒன்று என்று பிள்ளை ஆயுள் முழுக்க அலைய வேண்டியிருக்கும்.

கடைசியில் ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் தெளிவாக எழுதி, இருவரும் பார்த்து, செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: இனிஷியல்

பிறப்புச் சான்றிதழில் அப்பா, அம்மா பெயருக்குத் தனி இடம் இருக்கிறது. அதனால் குழந்தையின் பெயரை இனிஷியல் இல்லாமல் எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும்; அப்போது அப்பா அல்லது அம்மா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் நிரப்பிக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்து நிறையப் பேர் தவித்தார்கள். பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள்.

படி 7: பதிவு

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் தகவலை அவர்களே அனுப்பிவிடுவார்கள். பெயர் இன்னும் முடிவாகவில்லையா? பதற வேண்டாம், பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அவசரத்தில் ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு மாற்ற நினைப்பதைவிடப் பொறுத்துச் சேர்ப்பது எவ்வளவோ மேல். ஏனென்றால் ஒருமுறை ஏறிய பெயரை முழுதாக மாற்றுவது லேசில் நடக்காது. எழுத்துப்பிழைத் திருத்தம் வேறு, பெயர் மாற்றம் வேறு.

எங்கே பதிவது என்பதில் பலரும் குழம்புகிறார்கள். குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரில்தான் பதிவு. வீடு ஏற்காட்டில் இருந்தாலும் சேலம் அரசு மருத்துவமனையில் பிறந்தால் சேலம் மாநகராட்சி. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத் தருமபுரி போயிருந்தால் தருமபுரி. கிராம ஊராட்சியில் வீட்டிலேயே பிறந்தால் கிராம நிர்வாக அலுவலர்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சான்றிதழின் எடை கூடிவிட்டது. பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, பிறந்த இடத்துக்கான சான்று இதுதான். அதனால் சான்றிதழ் கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகராமல், நீங்கள் எடுத்து வைத்த படத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். குழந்தை பெயரோடு நிறுத்தாமல் அப்பா, அம்மா பெயரும் அவர்களின் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் நீல நிறக் குழந்தை ஆதார். ஐந்து வயதுக்குக் கீழே கைரேகை கேட்க மாட்டார்கள். ஐந்து வயதானதும் போய்ப் பதிய வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது பெயரைக் காதால் கேட்டு எழுத விடாதீர்கள். சான்றிதழ் நகலை மேசையில் வைத்து, அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.