முடி மெலிஞ்சுட்டு வருதா? லைட் ட்ரீட்மெண்ட் யாருக்கு, வீட்டுல எப்படி பண்றது

முதல்ல ஒண்ண நேரா சொல்லிடறேன், வழவழன்னு ஆகிப்போன வழுக்கையில லைட்ட காட்டி முடி முளைக்க வைக்க முடியாது. அப்படி யாராவது சொன்னா அந்த கடைய விட்டு வெளிய வந்துடுங்க. முடி இருக்கு ஆனா மெலிஞ்சுட்டே வருது, நடு வகிடு போன வருஷத்த விட அகலமா இருக்கு, சலூன்ல பின்னாடி கண்ணாடி காட்டும்போது உச்சியில தோல் தெரியுது, ஆனா கிட்ட போய் பாத்தா அங்க இன்னும் பூனை முடி இருக்கு, இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் தலையில செவப்பு வெளிச்சம் காட்டுற இந்த லைட் ட்ரீட்மெண்ட். வேர் உயிரோட இருந்தா லைட்டுக்கு வேலை இருக்கு, செத்துப் போன வேர எந்த லைட்டும் எழுப்பாது.

வட சென்னையில ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் யார கேட்டாலும் முடி கொட்டுறதுக்கு தண்ணியத்தான் சொல்லுவாங்க. போர் தண்ணி உப்பு, சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது, தலை சிக்கு புடிக்குது, எல்லாம் உண்மைதான். ஆனா உப்புத் தண்ணி முடிய வறட்சியாக்கி நடுவுல ஒடைக்கும், வேர மெலிய வைக்கிறது அது இல்ல. இத நீங்களே பாக்கலாம். சீப்புல மாட்டுன முடிய நாலஞ்சு எடுத்து வெளிச்சத்துல வெச்சு ரெண்டு முனையையும் பாருங்க. ஒரு முனையில கடுகுல பாதி கூட இல்லாத வெள்ளை குமிழ் ஒண்ணு இருந்தா அது வேர்ல இருந்து விழுந்த முடி, ரெண்டு பக்கமும் வெறும் முனையா இருந்தா அது ஒடைஞ்ச முடி. ஒடையுற முடிக்கு லைட் தேவையில்ல, கடைசியா ஊத்துற ஒரு குடத்தயாவது மெட்ரோ தண்ணியில ஊத்தி அலசிட்டு கொஞ்சம் கண்டிஷனர் போட்டாலே நிறைய வித்தியாசம் தெரியும். குமிழோட விழுற முடி ஒரு நாளைக்கு 50ல இருந்து 100 வரைக்கும் எல்லாருக்குமே விழும், அதுக்கு பயப்படாதீங்க.

மிஷின் வாங்குறதுக்கு முன்னாடி டாக்டர பாக்கணும், இத மட்டும் தாண்டாதீங்க. டெங்கு, டைஃபாய்டு, பெரிய ஆபரேஷன், பிரசவம், இதெல்லாம் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொத்து கொத்தா கொட்டும், பாக்கவே பயமா இருக்கும், ஆனா பெரும்பாலும் சில மாசத்துல தானா நின்னு திரும்ப வந்துடும். அதுக்கு போய் ஆயிரக்கணக்குல கொட்டி லைட் வெச்ச கேப் வாங்கினா பணம்தான் போகும். ரத்தம் கம்மியா இருந்தாலும், உடம்புல இரும்புச் சத்து சேமிப்பு குறைஞ்சாலும், தைராய்டு இருந்தாலும் முடி கொட்டும், நம்ம வீட்டு பொம்பளைங்க நிறைய பேருக்கு இதுதான் காரணமா இருக்கு, அத சரி பண்ணாம லைட்ட காட்டி பிரயோஜனம் இல்ல. வட்ட வட்டமா கொட்டுற புழுவெட்டு வேற வியாதி, அதுக்கு 308 நானோமீட்டர்ல (நானோமீட்டர்ங்கறது வெளிச்சத்தோட அலைநீள அளவு) எக்சைமர்னு ஒரு புற ஊதா லைட் டாக்டர் கிட்டயே இருக்கு, நான் இங்க சொல்ற செவப்பு லைட் அது கிடையாது. அரிப்பு, சீழ், செதில் இருந்தாலும் முதல்ல அதத்தான் பாக்கணும். செலவு பண்ண முடியலன்னா கவலைப்படாதீங்க, நம்ம ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில தோல் டிபார்ட்மெண்ட் இருக்கு, காலையில ஓபி சீட்டு போட்டு காட்டுங்க, கூட்டம் இருக்கும், ஆனா பாக்குறவங்க படிச்ச தோல் டாக்டருங்க, காசும் கிடையாது.

டாக்டர் பாத்து இது பரம்பரையா வர்ற மெலிவுதான்னு சொன்னா அப்புறம் லைட்ட பத்தி யோசிக்கலாம். 

இது எங்க இருந்து வந்துச்சுன்னா, 1967ல ஹங்கேரியில புடாபெஸ்ட்ல எண்ட்ரே மெஸ்டர்னு ஒரு டாக்டர் லேசர் பட்டா கேன்சர் வருமான்னு பாக்க எலிங்க முதுகுல முடிய வழிச்சுட்டு லேசர் காட்டியிருக்காரு. கேன்சர் வரல, லேசர் பட்ட எலிங்களுக்கு முடி சீக்கிரமா வளர்ந்துச்சு. அங்க ஆரம்பிச்சு கடைசியில அமெரிக்காவுல மருந்து, மருத்துவ கருவிங்கள கண்காணிக்குற எஃப்டிஏங்கற அரசு அமைப்பு 2007ல ஆம்பளைங்களுக்கும் 2011ல பொம்பளைங்களுக்கும் ஒரு லேசர் சீப்ப விக்க அனுமதி குடுத்துச்சு. இங்க விளம்பரத்துல "எஃப்டிஏ அங்கீகாரம்"னு பெருசா போடுவாங்க, ஆனா அது மருந்துக்கு குடுக்குற மாதிரி அங்கீகாரம் இல்ல, ஏற்கனவே இருக்குற கருவி மாதிரி இதுவும் இருக்கு, வித்துக்கலாம்ங்கற அளவுக்கான அனுமதிதான்.

வேலை செய்யுற விதம் என்னன்னா, 650 நானோமீட்டர் பக்கத்துல இருக்குற செவப்பு வெளிச்சம் தோலுக்குள்ள கொஞ்ச தூரம் போகும், வேர்ல இருக்குற செல்லுங்களுக்கு சக்தி தயாரிக்குற மைட்டோகாண்ட்ரியாவுல ஒரு புரதம் அத உறிஞ்சிக்கும், செல்லுக்கு சக்தி கூடும், தூங்கிட்டு இருக்குற வேர் வளர்ற கட்டத்துக்கு திரும்பும்னு டாக்டருங்க சொல்றாங்க. சுடாது, எரியாது. முடிய எடுக்குற லேசரும் இதுவும் ஒண்ணு இல்ல, அது பவர் அதிகம், வேர சுட்டு எரிக்கும்.

இப்போ மிஷின். சீப்பு, ஹேர் பேண்டு, கேப்னு மூணு மாதிரி வருது, கேப்தான் லேசு, தலையில மாட்டிட்டு வேற வேலை பாக்கலாம். பர்மா பஜார்ல வாங்குனாலும் சரி ஆன்லைன்ல வாங்குனாலும் சரி டப்பாவ திருப்பி பாருங்க, எத்தனை நானோமீட்டர்னு போட்டிருக்கணும், 630ல இருந்து 680க்குள்ள இருக்கணும், உள்ள எத்தனை லேசர் எத்தனை எல்இடின்னு தனித்தனியா சொல்லியிருக்கணும். வெறும் "செவப்பு லைட் தெரபி"ன்னு மட்டும் போட்டு நம்பர் எதுவும் இல்லன்னா வேணாம். முட்டி வலிக்கு பிசியோதெரபியில காட்டுற சூடான செவப்பு பல்ப எடுத்து தலையில காட்டுறவங்களும் இருக்காங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க, அது சூடு குடுக்குற லைட், தலை தோல் வெந்துடும். பில்லும் வாரண்டியும் இல்லாம வாங்கவே கூடாது, ஏன்னா இது மாசக்கணக்குல ஓட வேண்டிய சாமான், மூணாவது மாசம் பாதி லைட் எரியலன்னா யார கேப்பீங்க?

நம்ம ஆளுங்க தெரிஞ்சுக்க வேண்டியது இன்னொண்ணு இருக்கு, விக்கிறவங்க யாரும் இத சொல்றதில்ல. அமெரிக்காவுல அந்த சீப்புக்கு குடுத்த அனுமதியே தோல் நிறத்த ஆறு வகையா பிரிச்சு அதுல 1ல இருந்து 4 வரைக்கும்தான். நம்மள்ல நிறைய பேரு அஞ்சாவது வகை. கருப்பு தோல்ல இருக்குற மெலனின் வெளிச்சத்த மேலயே உறிஞ்சிக்கும், அதனால வேருக்கு போறது குறையலாம், சில பேருக்கு தலை கதகதன்னு இருக்கலாம். பண்ணக்கூடாதுன்னு இல்ல, ஆனா விளம்பரத்துல வெள்ளைக்காரன் தலையில காட்டுற ரிசல்ட் அப்படியே நமக்கும் வரும்னு எண்ணாதீங்க, ஆரம்பத்துல சூடா தெரிஞ்சா நிறுத்திட்டு டாக்டர கேளுங்க.

சரி, பண்ற முறைக்கு வருவோம். தலை சுத்தமா காய்ஞ்சு இருக்கணும். எண்ணெய், ஜெல், சொட்டைய மறைக்க தூவுற கருப்பு பவுடர், எது இருந்தாலும் வெளிச்சத்த மறிக்கும். நம்ம வீட்டு பொம்பளைங்க செவ்வா வெள்ளி எண்ணெய் தேய்ச்சு தலைக்கு குளிப்பாங்க, ஆம்பளைங்க புதன் சனி, அந்த நாள விட்டுட வேணாம், அதையே லைட் நாளா வெச்சுக்குங்க, எண்ணெய் போக அலசி ஃபேன் காத்துல காய வெச்சுட்டு சாயங்காலம் லைட் போடுங்க, உங்க மிஷினுக்கு வாரத்துல மூணு நாள்னா மூணாவது நாள் மட்டும் தனியா ஞாபகம் வெச்சா போதும். எண்ணெய் திரும்ப வைக்கணும்னா லைட் முடிஞ்ச அப்புறம் வெச்சுக்கலாம். நம்ம ஊர் வேர்வைக்கு வெளிய போயிட்டு வந்த உடனே மாட்டாதீங்க, துடைச்சு காய விடுங்க.

சீப்பு மாதிரின்னா வகிடு வகிடா பிரிச்சு அந்த பல்லு தலை தோல்ல ஒட்டுற மாதிரி வெச்சு நாலு செகண்டு புடிச்சு, பீப் சத்தம் வந்ததும் அரை இஞ்சு தள்ளி வெக்கணும். தலை வாருற மாதிரி சர்ருனு இழுத்தா ஒண்ணும் பிரயோஜனம் இல்ல, முன் நெத்தியில இருந்து உச்சி வரைக்கும் பொறுமையா போகணும். கேப்னா முடிய கலைச்சு, மெலிஞ்ச எடத்துல வகிடு எடுத்து, லைட்டு நேரா தோல்ல படுற மாதிரி மாட்டுங்க, பின்னல் கொண்டைய அவுத்துடுங்க. அடர்த்தியான முடிக்கு மேல மாட்டினா வெளிச்சம் முடியோட நின்னுடும்.

எவ்வளவு நேரம்னா, அது உங்க மிஷின் புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதுதான். சில கேப் தினமும் 6 நிமிஷம், சிலது ஒரு நாள் விட்டு ஒரு நாள் 25 நிமிஷம், பவர் வேற வேற, அதனால ஃப்ரெண்டு வீட்டு கேப்போட கணக்க உங்க கேப்புக்கு போடாதீங்க. அதிகமா காட்டினா சீக்கிரம் வளரும்னு ரெண்டு மடங்கு காட்டுறவங்க இருக்காங்க, இந்த லைட்டுல அளவு தாண்டினா பலன் கூடாது, கொறையவும் கொறையலாம். முடிஞ்சதும் உள்பக்கம் வேர்வை படிஞ்சிருக்கும், கரண்ட்ட எடுத்துட்டு லேசா ஈரத்துணியில துடைச்சு வைங்க. லைட் எரியும்போது உள்ள எட்டி பாக்காதீங்க, குழந்தைங்க கையில குடுக்காதீங்க, அது பொம்மை இல்ல, கண்ணுக்கு ஆபத்து.

யாரு பண்ணக்கூடாது? தலையில தோல் கேன்சர் இருந்தவங்க, லூபஸ் மாதிரி வெயில் பட்டாலே தோல் பாதிக்குறவங்க, டாக்ஸிசைக்ளின் மாதிரி வெளிச்சத்துக்கு தோல கூச வைக்குற மாத்திரை சாப்பிடுறவங்க, டாக்டர் சொல்லாம தொடாதீங்க. கர்ப்பமா இருக்கறவங்க பிரசவம் முடியட்டும்னு விட்டுடுங்க.

லைட்ட மட்டும் நம்பி, தலையில தடவுற மினாக்ஸிடில்ங்கற மருந்த விட்டவங்கள பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. ஆதாரம் அதிகமா இருக்கறது அந்த மருந்துக்குத்தான், விலையும் மாசத்துக்கு சில நூறு ரூபாதான், லைட் அதுக்கு துணை. ரெண்டும் சேத்து பண்ணா தனித்தனியா பண்றத விட நல்லா இருக்குன்னு ஆராய்ச்சிங்க சொல்லுது. லைட் நாள்ல முதல்ல லைட்ட முடிச்சுட்டு அப்புறம் மினாக்ஸிடில் தடவுங்க. கர்ப்பிணிங்களும் பால் குடுக்கறவங்களும் அத தொடக்கூடாது, முடி கொட்டுறதுக்கு குடுக்குற ஃபினாஸ்டரைடு மாத்திரைய யாருமே மெடிக்கல்ல சும்மா கேட்டு வாங்கி சாப்பிடாதீங்க, குழந்தை பெத்துக்குற வயசுல இருக்குற பொம்பளைங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கிளினிக் பேக்கேஜ் பத்தி சொல்லியே ஆகணும். வண்ணாரப்பேட்டையில எனக்கு தெரிஞ்ச தம்பி ஒருத்தன், கல்யாணத்துக்கு பொண்ணு பாக்குறாங்கன்னு ஒரு கிளினிக்குக்கு போனான், தலையில ஒரு கேமராவ வெச்சு ஸ்கிரீன்ல காட்டி பயமுறுத்தி அன்னைக்கே இஎம்ஐ போட வெச்சுட்டாங்க. டாக்டர்னு யாரும் பாக்கல, ரத்த டெஸ்ட் எடுக்கல. அப்புறம் பாத்தா அவனுக்கு தைராய்டு. அதனால முழு பணத்த முன்னாடி கட்டாதீங்க, பாக்குறவர் தோல் டாக்டரான்னு கேளுங்க, ஒரு சிட்டிங் எவ்வளவுன்னு கேளுங்க, மிஷின் எத்தனை நானோமீட்டர்னு கேளுங்க, பதில் வரலன்னா எழுந்துடுங்க. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை விம்கோ நகர்ல இருந்து மெட்ரோ புடிச்சு அண்ணா நகர் போய் தலைய காட்டிட்டு வர்றது எத்தனை மாசம் முடியும்னும் யோசிங்க, வேலைக்கு போறவங்களுக்கு வீட்டு மிஷின்தான் ஒத்து வரும்.

ரிசல்ட்டுக்கு போட்டோதான் சாட்சி, கண்ணாடிய நம்பாதீங்க. ஆரம்பிக்குற அன்னைக்கே எடுங்க. அதே டியூப் லைட்டுக்கு கீழ, அதே ஸ்டூல்ல உக்காந்து, காய்ஞ்ச முடி, அதே வகிடு, வீட்டுல யாரயாவது மேல இருந்து எடுக்க சொல்லுங்க, ஃபிளாஷ் வேணாம். மாசம் ஒண்ணு போதும். முதல் ஒண்ணு ரெண்டு மாசத்துல கொட்டுறது கூடினா பயந்து நிறுத்திடாதீங்க, பழைய முடிய தள்ளிட்டு புதுசு வர்றப்போ அப்படி ஆகும். நல்லா நடந்த ஆராய்ச்சிங்க 16 வாரம், 26 வாரம்னு ஓடியிருக்கு, அந்த சீப்பு ஆராய்ச்சியில ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சராசரியா 20 முடி பக்கத்துல கூடியிருக்கு, அந்த ஆராய்ச்சிங்க நிறைய கம்பெனி காசுல நடந்ததுங்கறதையும் மனசுல வெச்சுக்குங்க. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதனால ஆறு மாசத்துக்கு முன்னாடி தீர்ப்பு சொல்ல முடியாது.

ஆறாவது மாசம் முதல் போட்டோவையும் கடைசி போட்டோவையும் பக்கத்துல வெச்சு பாருங்க. வகிடு இன்னும் அகலமாகாம அப்படியே நின்னிருந்தா அதுவும் பலன்தான், விடாம பண்ணுங்க, ஏன்னா நிறுத்தினா கொஞ்ச கொஞ்சமா பழைய நிலைமைக்கே போயிடும். அகலமாயிட்டேதான் போயிருக்குன்னா அந்த போட்டோ எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு திரும்ப அதே தோல் டாக்டர் கிட்ட போங்க, என்னென்ன தடவுனீங்க, வாரத்துக்கு எத்தனை நாள் போட்டீங்க, எத்தனை நாள் விட்டுப்போச்சுன்னு மறைக்காம சொல்லுங்க, அத வெச்சுத்தான் அவங்க மருந்த மாத்தறதா இல்ல வேற ஏதாவது டெஸ்ட் பாக்கறதான்னு முடிவு பண்ண முடியும்.