ஓசிலைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

கால்பந்து பற்றி எழுதத் தொடங்கியிருக்கும் சிலர் அவ்வப்போது தங்கள் கட்டுரைகளை எனக்கு அனுப்புவார்கள். சமீபத்தில் வந்தவற்றில் மூன்று, ஜெர்மனிக்கு ஆடிய மெசுத் ஓசிலைப் பற்றியவை. படிக்கப் படிக்க, என் பழைய கட்டுரையையே யாரோ தூசி தட்டித் திருப்பி அனுப்பியதுபோல் இருந்தது. ஆண்டுப் பிழை, கோல் கணக்குப் பிழையெல்லாம் இங்கே வேண்டாம். அவற்றை அவரவரே சரிபார்த்துக்கொள்ளலாம்.

நாடு மாறியவர் என்று எழுதுவது

ஓசில் எங்கிருந்தும் ஜெர்மனிக்கு வரவில்லை. 1988இல் கெல்சன்கிர்ஷனில் பிறந்தவர். குடும்பம் தாத்தா காலத்திலேயே துருக்கியிலிருந்து வந்துவிட்டது. அதே ஊரில் பிறந்த அல்தின்தோப் இரட்டையர் துருக்கிக்கு ஆடினார்கள். துருக்கிய வேர் கொண்ட குந்தோவானும் அந்த ஊர்தான். அவர் 2024 யூரோவில் ஜெர்மனியின் கேப்டன். 2010 அக்டோபரில் பெர்லினில் ஜெர்மனியும் துருக்கியும் மோதின. பந்து ஓசிலின் காலுக்கு வரும்போதெல்லாம் துருக்கி ரசிகர்கள் எதிர்ப்புக் காட்டி விசிலடித்தார்கள். அவர் ஒரு கோல் போட்டார், ஆனால் கொண்டாடவில்லை. இந்த ஒரு ஆட்டத்தைச் சொன்னாலே போதும், 'இரு பண்பாடுகளுக்கு இடையே தவித்தவர்' போன்ற வரிகள் தேவைப்படாது.

ஹைலைட்ஸ் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது

இது நான் செய்த தவறு. இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

2018 ஜூன் 27. கசானில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்று, நடப்பு சாம்பியன் ஜெர்மனி முதல் சுற்றோடு வெளியேறியது. அன்று நான் முழு ஆட்டத்தையும் பார்க்கவில்லை. நான்கு நிமிட ஹைலைட்ஸில், தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு மைதானத்தை விட்டுப் போகும் ஓசிலைப் பார்த்தேன். மே மாதம் லண்டனில் துருக்கி அதிபர் எர்டோவானோடு அவர் எடுத்துக்கொண்டு, ஜெர்மனியில் சர்ச்சையான படமும் மனதில் இருந்தது. இரண்டையும் முடிச்சுப்போட்டு, 'மனம் வேறெங்கோ இருந்த ஆட்டக்காரர்' என்று ஒரே மூச்சில் எழுதி ஓர் இணைய இதழுக்கு அனுப்பிவிட்டேன். போட்டுவிட்டார்கள்.

அப்புறம் ஒரு வாசகர், கோபமே இல்லாமல், நிமிடக் கணக்கோடு பதில் எழுதினார். வேறு வழியில்லாமல் முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது, ஓசில் தூக்கிப் போட்ட பந்து சக வீரர் ஹம்மெல்ஸின் தலைக்கே போகிறது. எதிரே வலை. ஹம்மெல்ஸ் சரியாக முட்டவில்லை, பந்து மேலே போய்விட்டது. அது உள்ளே போயிருந்தால் என் கட்டுரையே இல்லை. கூடுதல் நேரத்தில் கொரியாவின் இரண்டு கோல்களும் விழுந்தபோது, தோள் தொங்கியது ஓசிலுக்கு மட்டும் இல்லை.

ஜெயித்தால் ஜெர்மானியன், தோற்றால் குடியேறியவன் என்று சொல்லிவிட்டு ஜூலை 22 அன்று அவர் தேசிய அணியிலிருந்து விலகினார். 92 ஆட்டங்கள், 23 கோல்கள், ஒரு உலகக் கோப்பை. அந்தப் படத்தைக் குறை சொல்லுங்கள், எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் படத்தை வைத்து ஆட்டத்தை அளக்காதீர்கள். நான் அளந்தேன். என் பெயரோடு அந்தக் கட்டுரை இன்றும் இணையத்தில் கிடக்கிறது. இப்போது வந்த மூன்றில் இரண்டு அதைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்கின்றன.

19 அசிஸ்ட் 'சாதனை'

2015-16 பிரீமியர் லீக்கில், அதாவது இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில், ஆர்சனல் கிளப்புக்காக ஓசில் கொடுத்த 19 அசிஸ்ட் (கோலுக்கு வழிவிட்ட பாஸ்) சாதனை இல்லை. 2002-03இல் அதே கிளப்பின் ஆன்றி 20 கொடுத்துவிட்டார்.

குந்தோகனா, குந்தோவானா

அவர் பெயரில் உள்ள மெல்லிய 'க' (ğ) துருக்கி மொழியில் ஒலிக்காது, முன்னால் உள்ள உயிரை நீட்டும். அவ்வளவுதான்.

ஒரே பதிவால் வெளியேற்றப்பட்டார் என்பது

2019 டிசம்பரில், சீனாவில் வாழும் உய்குர் முஸ்லிம் மக்களுக்காக ஓசில் சமூக ஊடகத்தில் பதிவிட்டார். ஆர்சனல் அதிலிருந்து விலகி நின்றது, சீன அரசுத் தொலைக்காட்சி அந்த வார ஆட்டத்தை ஒளிபரப்பாமல் நிறுத்தியது. இவை நடந்தவை. ஆனால் 'அதோடு அவர் கதை முடிந்தது' என்று எழுதினால் கால வரிசை இடிக்கும். புதிதாக வந்த பயிற்சியாளர் ஆர்டெட்டா அடுத்த சில மாதங்களுக்கு அவரை ஆட வைத்தார். பிரீமியர் லீக்குக்கான ஆர்சனல் வீரர் பட்டியலிலிருந்து பெயர் விடுபட்டது 2020 அக்டோபரில்தான். நடுவில் பெருந்தொற்று, சம்பளக் குறைப்புத் தகராறு என்று நிறைய இருக்கிறது.

ஆர்சனலுக்காக அவர் கடைசியாக ஆடியது 2020 மார்ச் 7, வெஸ்ட் ஹாமுக்கு எதிராக. ஆர்சனல் 1-0 என்று ஜெயித்தது. அந்த ஒரே கோலுக்கு லகாசெட்டிடம் பந்தைத் தள்ளிவிட்டவர் ஓசில். உலகமே பேசிய அந்த இடது காலால் இல்லை, தலையால்.