மெதுவாகிப்போன வீட்டுக் கம்ப்யூட்டர்: எதை நீக்கலாம், எதைத் தொடக்கூடாது

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்றதும் பலர் செய்யும் முதல் காரியம், இணையத்தில் தேடி ஏதோ ஒரு 'பிசி கிளீனரை' இறக்கிப் போடுவது. அது ஸ்டார்ட்அப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆயிரக்கணக்கான கோளாறுகள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் மிரட்டும், சரிசெய்யப் பணம் கேட்கும். இருக்கிற குப்பையோடு இன்னொன்று சேர்ந்ததுதான் மிச்சம். ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டை) சுத்தம் செய்யும் மென்பொருள்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஆதரிப்பதில்லை. பேர்பெற்ற கிளீனர்களும் ஆபத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. 2017-இல் சிசிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் யாரோ தீநிரலைப் புகுத்திவிட, நிறுவனத்தின் சொந்த சர்வரிலிருந்தே அது லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தேவையான கருவிகள் உள்ளேயே இருக்கின்றன. வெளியிலிருந்து ஒன்றிரண்டு போதும். ஆனால் எதையும் நீக்குவதற்கு முன்னால், எது தின்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

முதலில் ரீஸ்டார்ட், பிறகு டாஸ்க் மேனேஜர்

தினமும் ஷட்டவுன் செய்கிறோமே என்று நினைக்க வேண்டாம். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கும் நிலையில், ஷட்டவுன் செய்தாலும் இயங்குதளத்தின் மையப் பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப ஏற்றப்படுகிறது. முழுதாக அணைந்து எழுவது ரீஸ்டார்ட் கொடுத்தால்தான். டாஸ்க் மேனேஜரின் (திறக்கும் விதம் அடுத்த பத்தியில்) பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு பகுதியில் 'அப் டைம்' என்றிருக்கும். அங்கே 20 நாள், 30 நாள் என்று காட்டினால் முதல் வைத்தியம் ரீஸ்டார்ட்தான்.

ரீஸ்டார்ட் ஆனபின் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். நீண்ட நாள் கழித்துத் திறந்த கம்ப்யூட்டர் அப்டேட்டுகளை இறக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அளந்தால் கணக்கு தப்பாகும். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10-இல் சின்னதாகத் திறந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' கொடுக்கவும்.

மேலே சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று சதவீதங்கள் இருக்கும். எதையும் திறக்காத நிலையிலேயே டிஸ்க் 100% என்று நின்றால் ஹார்டுடிஸ்க்தான் இழுக்கிறது. மெமரி 85 சதவீதத்துக்கு மேல் நின்றால் ரேம் போதவில்லை, அல்லது பின்னணியில் ஏதேதோ ஓடுகிறது. சிபியு மட்டும் எகிறினால், அந்தத் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்துங்கள், குற்றவாளி மேலே வந்துவிடும். மூன்றும் சாதாரணமாக இருந்தும் மெதுவாக இருந்தால், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவின் வேகத்தைப் பாருங்கள். வேலை வாங்கும்போதும் 0.8 கிகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றால் மென்பொருள் காரணமில்லை. ஃபேனில் தூசி அடைத்துச் சூடாகியிருக்கும். சில லேப்டாப்களில் மாற்று சார்ஜரை அடையாளம் தெரியாததால் லேப்டாப்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும்.

ஸ்டார்ட்அப்பில் குந்தியிருப்பவை

டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். கம்ப்யூட்டர் எழும்போதே கூடவே எழுபவை எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். டீம்ஸ், ஸ்பாட்டிஃபை, ஸ்டீம், டோரன்ட் மென்பொருள்கள், அடோபியின் அப்டேட்டர், பிரின்டர் கம்பெனியின் 'உதவியாளர்' ஆகியவற்றை வலது சொடுக்கில் டிசேபிள் செய்யலாம். மென்பொருள் அப்படியே இருக்கும், தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம்.

டச்பேட், ஆடியோ, கிராஃபிக்ஸ், விண்டோஸ் செக்யூரிட்டி இந்த நான்கையும் விட்டுவிடுங்கள். ஒன்டிரைவ் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஏற்கெனவே அதில் பேக்கப் ஆகிக்கொண்டிருந்தால், அதை நிறுத்தினால் பேக்கப்பும் நின்றுவிடும்.

எட்ஜ், குரோம் இரண்டும் மூடியபிறகும் பின்னணியில் ஓடும் பழக்கம் உள்ளவை. இரண்டின் செட்டிங்ஸிலும் 'சிஸ்டம்' பகுதியில் மூடியபின்னும் பின்னணியில் தொடர்வதற்கான பொத்தான் உண்டு, அணைத்துவிடுங்கள். எட்ஜில் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்று இன்னொன்றும் இருக்கிறது. 4 ஜிபி ரேம் உள்ள மெஷினில் அதற்கும் வேலை இல்லை.

அன்இன்ஸ்டால்: எது போகலாம், எது இருக்க வேண்டும்

நீக்கத் தொடங்குமுன் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் (ஏதாவது தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு) போட்டுவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தட்டினால் வரும். சி டிரைவுக்கு 'புரொட்டெக்ஷன்' ஆஃப் ஆகியிருந்தால் ஆன் செய்துவிட்டு 'கிரியேட்' கொடுங்கள். இது விண்டோஸ் அமைப்புகளை மட்டுமே காக்கும். போட்டோக்களையும் ஆவணங்களையும் தனியாக வெளி டிரைவில் எடுத்து வைக்க வேண்டும்.

செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டால்டு ஆப்ஸ். விண்டோஸ் 10-இல் 'ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்'. பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள். பெயர் வாரியாகப் பார்த்தால் ஒன்றும் புலப்படாது. தேதி வாரியாகப் பார்த்தால், ஒரே நாளில் நான்கைந்து அந்நியப் பெயர்கள் சேர்ந்து வந்திருப்பது பளிச்சென்று தெரியும். அன்றைக்கு யாரோ ஒரு வீடியோ கன்வர்ட்டரையோ பிடிஎஃப் கருவியையோ 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தி இறக்கியிருக்கிறார்கள், மற்றவை அதன் முதுகில் ஏறி வந்தவை. டூல்பார், 'டிரைவர் அப்டேட்டர்', 'பூஸ்டர்', 'வெப் கம்பேனியன்', கூப்பன், கேள்விப்படாத பிரவுசர் எல்லாம் தயங்காமல் போகலாம். நீக்கும்போது 'இருங்களேன், பாதி விலைக்குத் தருகிறோம்' என்று ஜன்னல்கள் வரும். பொத்தான்களைப் படித்துவிட்டு அழுத்துங்கள். தொடர்வதற்கான பொத்தானைச் சாம்பல் நிறத்தில் ஒளித்து வைப்பது வழக்கம்.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் பட்டியலில் இருந்து, வீட்டில் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை என்றால் கவனியுங்கள். மென்பொருள் நல்லதுதான். ஆனால் 'கஸ்டமர் கேர்' என்று போன் செய்து ஏமாற்றுபவர்கள் போடச் சொல்வதும் அதைத்தான். உடனே நீக்கிவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரில் பயன்படுத்திய வங்கிக் கணக்கு, மெயில் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் தர வேண்டும்.

தொடக்கூடாதவையும் உண்டு. 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்று ஆண்டு எண்ணோடு ஏழெட்டு வரிகள் இருக்கும். ஒரே பெயராக இருக்கிறதே என்று நீக்கினால், மறுநாள் டேலி என்ற கணக்கு மென்பொருளோ ஏதோ ஒரு கேமோ திறக்காது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கான ஆண்டுப் பதிப்பைத் தேடும். டாட்நெட், இன்டெல், ஏஎம்டி, ரியல்டெக் பெயர்களில் உள்ளவை, டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர், ஆதார் கைரேகைக் கருவிக்கான ஆர்டி சர்வீஸ், தமிழ் தட்டச்சு மென்பொருள் எதிலும் கைவைக்க வேண்டாம். பெயர் தெரியாத ஒன்றை நீக்கும்முன் அந்தப் பெயரை அப்படியே இணையத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு ஆன்டிவைரஸ்

புதிய லேப்டாப்போடு இலவசமாக வந்த ஆன்டிவைரஸ் சந்தா முடிந்தும் அங்கேயே கிடக்கும். அதன்மேல் கடைக்காரர் இன்னொன்றைப் போட்டிருப்பார். இரண்டும் ஒரே கோப்பைத் திறந்து திறந்து பார்க்கும், டிஸ்க் திணறும். வேறு ஆன்டிவைரஸ் இருக்கும்போது விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும், அவற்றை நீக்கியதும் தானாகவே பொறுப்பேற்கும். வீட்டு உபயோகத்துக்கு டிஃபெண்டரே போதும் என்பது எங்கள் கருத்து. மெக்காஃபி, நார்ட்டன், அவாஸ்ட் மூன்றும் சாதாரண அன்இன்ஸ்டாலில் மிச்சம் வைக்கக்கூடியவை. அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் முழுதாக நீக்குவதற்கென்றே தனிக் கருவி உண்டு.

பிரவுசர்

வலது மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று அடிக்கடி எட்டிப்பார்க்கும் பெட்டிகள் பெரும்பாலும் வைரஸே அல்ல. ஏதோ ஒரு தளத்தில் 'அலவ்' அழுத்தியதால் வரும் அறிவிப்பு விளம்பரங்கள். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் வழியாகப் போய், அனுமதி பெற்ற தளங்களில் தெரியாதவற்றை எல்லாம் நீக்கினால் அன்றே நின்றுவிடும்.

அடுத்து எக்ஸ்டென்ஷன்கள். எதற்கென்று சொல்லத் தெரியாத எக்ஸ்டென்ஷன் போகட்டும். நீக்கும் பொத்தானே இல்லாமல் 'நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று காட்டினால், அது வீட்டுக் கம்ப்யூட்டராக இருக்கும் பட்சத்தில், ஏதோ ஒரு மென்பொருள், அலுவலகங்கள் கம்ப்யூட்டரைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்தும் 'பாலிசி' அமைப்பு வழியாகத் தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறது. சில ஆன்டிவைரஸ்களும் இதே வாசகத்தை வரவழைக்கும் என்பதால் உடனே பதற வேண்டியதில்லை.

டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானை வலது சொடுக்கி 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். 'டார்கெட்' கட்டத்தில் குரோம் டாட் இஎக்ஸ்இ என்பதற்குப் பின்னால் ஏதாவது இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், பிரவுசரை எத்தனை முறை ரீசெட் செய்தாலும் அதே பக்கம்தான் திறக்கும். அந்த முகவரியை மட்டும் அழியுங்கள்.

ஒளிந்திருப்பவை

கையால் நீக்கியபின் மால்வேர்பைட்ஸின் 'ஆட்வ்கிளீனர்' ஒருமுறை ஓட்டலாம். இலவசம், இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். அதன்பின் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும்.

நம்மூரில் அதிகம் பார்க்கக் கிடைப்பது இன்னொன்று. கள்ளப் பிரதி விண்டோஸையோ ஆஃபிஸையோ ஆக்டிவேட் செய்யும் கருவிகள், டிஃபெண்டர் தங்களைப் பிடிக்காமலிருக்க விலக்குப் பட்டியலில் இடம் பிடித்துக்கொள்கின்றன. வைரஸ் அண்ட் த்ரெட் புரொட்டெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். அங்கே சி டிரைவ் முழுதும் எழுதியிருந்தால், ஸ்கேன் எத்தனை தடவை ஓட்டினாலும் 'ஒன்றுமில்லை' என்றுதான் வரும். அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

நீக்கியது மறுநாள் திரும்ப வந்து நின்றால், அல்லது லாகின் ஆனதும் ஒரு கறுப்பு ஜன்னல் கண்சிமிட்டிப் போனால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் 'டாஸ்க் ஷெட்யூலர்' திறந்து இடப்பக்கம் லைப்ரரியைப் பாருங்கள். அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டம் பெயராக இருந்து, 'ஆக்ஷன்ஸ்' பகுதியில் ஆப்டேட்டா (மென்பொருள்கள் தங்கள் தரவை வைக்கும் மறைவான இடம்) ஃபோல்டரில் உள்ள ஒரு கோப்பை அது இயக்கினால், திரும்ப வரவழைப்பது அநேகமாக அதுதான். முதலில் டிசேபிள் செய்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு அழியுங்கள்.

இடம்

சி டிரைவில் குறைந்தது 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்ப்ரரி ஃபைல்ஸ். பழைய விண்டோஸ் பதிப்பின் மிச்சமும் அப்டேட் குப்பையும் அங்கேதான் பல ஜிபி பிடித்துக் கிடக்கும். பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி வரும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பலர் மார்க்‌ஷீட், பத்திர நகல் வரை அந்த ஃபோல்டரில்தான் வைத்திருக்கிறார்கள்.

வீடியோக்களில் சொல்லப்படும் சில வித்தைகள்

எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து பூட் பகுதியில் 'நம்பர் ஆஃப் ப்ராசஸர்ஸ்' தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அது இருக்கிற கோர்களை (ப்ராசஸருக்குள் உள்ள தனித்தனி இயங்கு பகுதிகளை) கட்டுப்படுத்துவதற்கான சோதனை வசதி. டிக் இல்லாதபோதே விண்டோஸ் எல்லாக் கோர்களையும் பயன்படுத்துகிறது. பக்கத்தில் 'மேக்ஸிமம் மெமரி'யில் கைவைத்தால் ரேம் குறையவும் கூடும். மென்பொருள்களை வேகமாகத் திறக்க விண்டோஸ் குறிப்பு வைக்கும் ப்ரீஃபெட்ச் ஃபோல்டரை அழித்தால் மென்பொருள்கள் அடுத்தமுறை இன்னும் மெதுவாகத் திறக்கும், பிறகு விண்டோஸ் அதைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளும். எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்குக்கு) வெளி டீஃப்ராக் மென்பொருள், அதாவது சிதறிய கோப்புத் துண்டுகளை ஒழுங்காக அடுக்குவது, தேவையே இல்லை.

இதற்குமேல் ஹார்டுவேர்

இவ்வளவும் செய்தபின் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அது எச்டிடியா (சுழலும் தட்டுள்ள ஹார்டுடிஸ்க்கா) எஸ்எஸ்டியா என்று பாருங்கள். எச்டிடி என்றால் இனிச் சுத்தம் செய்து பயனில்லை. சுழலும் தட்டின்மேல் ஊசி ஒவ்வொரு இடமாகத் தேடிப்போக ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் எடுக்கும், அதாவது வினாடிக்கு நூறு தேடல். இன்றைய விண்டோஸ் கேட்பது அதைவிட எவ்வளவோ அதிகம். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டால் அதே லேப்டாப் வேறு மெஷினாகிவிடும். 256 ஜிபி போதும். கழற்றிய ஹார்டுடிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டால் பேக்கப் டிரைவ் ஆகும். மாற்றுமுன் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பழைய டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். 'காஷன்' என்று மஞ்சளில் காட்டினாலோ, டிஸ்க்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தாலோ, வேறு எந்த வேலையும் வேண்டாம், முதலில் கோப்புகளை எடுங்கள்.

ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். வாங்குமுன் பழைய குச்சியைக் கழற்றிப் பாருங்கள். 2013-க்குப் பிந்தைய டிடிஆர்3 லேப்டாப்கள் பலவற்றுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் தான் வேண்டும். 1.5 வோல்ட் குச்சியைப் போட்டால் ஸ்கிரீனே வராமல் போகலாம்.

எல்லாம் துடைத்துப் புதிதாக

எஸ்எஸ்டி போடுவதானால் பழையதை அப்படியே குளோன் (முழு நகல்) செய்யாதீர்கள், குப்பையும் கூடவே வந்துவிடும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் இன்ஸ்டாலரை உருவாக்குங்கள். பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழியும். லைசென்ஸ் ஒரிஜினலாக இருந்து, ஏற்கெனவே அந்த மதர்போர்டில் ஆக்டிவேட் ஆகியிருந்தால், இணையத்தில் சேர்ந்ததும் பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறை ப்ராசஸரும் வேண்டும். அதற்கு முந்தைய மெஷின்களில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் நன்றாக ஓடும். ஆனால் டேலியோ கையொப்ப டோக்கனோ கைரேகைக் கருவியோ அன்றாடம் தேவைப்படும் வீட்டில், அவை லினக்ஸில் ஓடுமா என்று தெரிந்துகொண்ட பிறகே மாற வேண்டும்.

புதிதாகப் போடுமுன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் மாட்டிக் கோப்பைத் திறக்கும்போது அது கேட்கும்.