மூன்று வாளிக்கு ஒரு சென்சார்: பீர் நொதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்கிய நண்பர் ஒருவர் தன் நொதிப்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஓடாத பழைய ஃபிரிட்ஜ், உள்ளே மூன்று வாளிகள், அடியில் ஒரு ஹீட்டர், கதவோரத்து வாளியில் டேப் போட்டு ஒட்டிய, சூட்டை அளந்து ஹீட்டரை இயக்கும் ஒரே சென்சார். பல வருடங்களுக்கு முன் என்னிடம் இருந்த பெட்டியும் அச்சு அசல் இதுதான். சுத்தமாகக் கழுவுங்கள், மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எல்லா வாளிக்கும் ஒரே சென்சார்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது தானே சூட்டைக் கிளப்பும். 20 லிட்டர் வாளி மும்முரமாக நொதிக்கிற முதல் சில நாட்களில், சுற்றியுள்ள காற்றைவிட 3 முதல் 5 டிகிரி கூடுதலாகவே இருக்கும். வேலை முடிந்த வாளியோ காற்றின் அளவுக்கு இறங்கிவிடும். அப்படியிருக்க, ஒரு வாளியைப் பார்த்து மற்ற இரண்டுக்கும் சூடு போடுவது எப்படிச் சரியாகும்?

நான் சென்சாரை ஒட்டியது ஆக மூத்த வாளியில். அது ஆறிக் கிடந்தது. அதை 20 டிகிரிக்குக் கொண்டுவர ஹீட்டர் மணிக்கணக்கில் ஓடியது. முந்தைய இரவு ஈஸ்ட் போட்ட வாளி பக்கத்திலேயே 28-ஐத் தொட்டுவிட்டது. அந்த பீரை ஒரு வாய் குடித்தால் தொண்டையில் சாராயம் போல எரிந்தது. அந்தக் காட்டம் வைத்திருந்தாலும் போகவில்லை. 20 லிட்டரும் சாக்கடைக்குப் போனது.

அடுத்த தடவை புத்திசாலித்தனமாக, இளைய வாளியில் ஒட்டினேன். அது தன் சூட்டிலேயே 20-ல் நின்றது, ஹீட்டர் எரியவே இல்லை. மற்ற இரண்டும் 15-க்கு இறங்கி, ஈஸ்ட் தூங்கிவிட்டது. ஹைட்ரோமீட்டர் (மிச்சமிருக்கும் சர்க்கரையைக் கணிக்க பீரின் அடர்த்தியை அளக்கும் கருவி) 1.020-லேயே நின்றதைப் பார்த்து முடிந்தது என்று நம்பி பாட்டிலில் அடைத்தேன். வெயில் காலம் வந்ததும் ஈஸ்ட் விழித்து, மிச்சச் சர்க்கரையைத் தின்று பாட்டிலுக்குள் வாயுவைக் கிளப்பியது. ஒரு ராத்திரி அலமாரிக்குள் பட் பட்டென்று சத்தம். கதவைத் திறந்தால் மரப்பலகையில் குத்தி நிற்கும் கண்ணாடிச் சில்லுகள்.

சரி, என்ன செய்வது? வாளிக்கு ஒரு ஹீட்டிங் பெல்ட், பெல்ட்டுக்கு ஒரு தெர்மோஸ்டாட், அவ்வளவுதான். சென்சாரை பீர் மட்டத்துக்குக் கீழே வாளியின் பக்கத்தில் ஒட்டி, மேலே மடித்த ஸ்பாஞ்சை அழுத்திக் கட்டுங்கள். இல்லாவிட்டால் அது காற்றைத்தான் அளக்கும். அதற்குக் காசு இல்லையென்றால் புது வாளியை முதல் மூன்று நான்கு நாள் பெட்டிக்கு வெளியே, 16 டிகிரி போல இருக்கும் இடத்தில் வையுங்கள். குமிழி அடங்கத் தொடங்கியதும் உள்ளே மாற்றுங்கள். சூடு நிஜமாகத் தேவைப்படுவது அப்போதுதான். கடைசியில் ஓரிரு டிகிரி ஏற்றினால், நொதிக்கும்போது உண்டாகும் வெண்ணெய் வாசனையைக் கூட ஈஸ்டே தின்று தீர்த்துவிடும்.

போர்வை சுற்றுவது

போர்வை சூடு தராது, இருக்கிற சூட்டைப் பிடித்துவைக்கும். மும்முரமாக நொதிக்கும் இளைய வாளிக்குப் போர்த்தினால் நான் முதலில் சொன்ன சாராயம்தான்.

குண்டு பல்பை ஹீட்டராக வைப்பது

ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) சேர்ந்த பீரில் வெளிச்சம் பட்டால் நாறும். வெளிச்சம் விடாத செராமிக் ஹீட்டர் போடுங்கள்.

ஏர்லாக்கை நம்புவது

ஏர்லாக்கில், அதாவது வாயுவை வெளியே விடும் மூடிக் குழாயில், குமிழி நின்றுவிட்டதா? அதை வைத்தே நொதித்து முடிந்தது என்று நம்பாதீர்கள். முதலில் 20-க்கு ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை ஹைட்ரோமீட்டர் பார்த்து, அளவு மாறவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

லாகரும் ஏலும் ஒரே பெட்டியில்

இரண்டும் பீர் வகைகள்தான், ஆனால் லாகருக்கு 12 டிகிரி, ஏலுக்கு 20. வேண்டாம்.