ஷென்மூ 3 விளையாடும் முறை: பூண்டும் பொறுமையும்

ஷென்மூ என்ற வீடியோ கேம் தொடரின் இரண்டாம் பாகம் சேகாவின் டிரீம்காஸ்ட் கேம் கருவியில் வந்தது 2001-ல். மூன்றாம் பாகம் கைக்கு வந்தது 2019 நவம்பர் 19 அன்று. நடுவில் 18 ஆண்டுகள். அவ்வளவு காலம் காத்திருந்த கேமை ஒரே வார இறுதியில் ஓடியோடி விளையாடிவிட்டு, "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று ஓரமாக வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் சலித்துப்போகும் இடங்கள் நான்கைந்துதான், எல்லாமே முன்கூட்டித் தெரிந்தால் தவிர்க்கக் கூடியவை. டர்பனிலோ ஜோஹானஸ்பர்க்கிலோ டிசம்பர் விடுமுறைக்கு இதை எடுத்து வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள் உதவும்.

மூன்றாம் பாகத்திலிருந்து தொடங்காதீர்கள். மெனுவில் முதல் இரண்டு பாகங்களின் கதைச்சுருக்கப் படம் இருக்கிறது. முன்பே விளையாடி மறந்துபோனவர்களுக்கு அது நல்ல நினைவூட்டல், புதியவர்களுக்குப் போதாது. 2018 ஆகஸ்டில் முதல் இரண்டும் ஒரே தொகுப்பாக பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், பிசி மூன்றுக்கும் மறுபடி வந்தன. அதை முதலில் வாங்குங்கள். 2019-ல் வந்த மூன்றாம் பாகம் பிஎஸ்4, பிசி இரண்டுக்கு மட்டுமே. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் தொகுப்பை வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பழைய பொருள் விற்கும் கடைகளில் பிஎஸ்4 டிஸ்க் கண்ணில் பட்டால் எடுத்துவிடலாம், டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5-லும் அது ஓடும்.

பிசி என்றால் மூன்றாம் பாகத்துக்கு 100 ஜிபி காலி இடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். பரிந்துரைக்கப்படும் கார்டு ஜிடிஎக்ஸ் 1070, ரேம் 16 ஜிபி. இணைய வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் ஒவ்வொரு 10 ஜிபிக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வீட்டில் ஃபைபர் இல்லாமல் மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் பிஎஸ்4 டிஸ்க் வாங்குவதே மலிவு.

மின்சாரத்தை முதலில் கவனியுங்கள்

2024 மார்ச்சுக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெடிங் என்னும் திட்டமிட்ட மின்வெட்டு பெருமளவு குறைந்துவிட்டது. ஆனாலும் சப்ஸ்டேஷன் கோளாறு, கேபிள் திருட்டு, இடிமழை என்று கரன்ட் போவதற்குக் காரணங்களுக்குக் குறைவில்லை. ஷென்மூ 3-ல் பெரும்பாலும் நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம், ஆனால் சேவ் எழுதப்படும் நொடியில் கரன்ட் போனால் அந்தக் கோப்பு கெட்டுவிடக்கூடும். எனவே ஒரே இடத்தில் மேலெழுதாமல் மூன்று சேவ்களைச் சுழற்றி வையுங்கள். பிஎஸ்4-ஐ ரெஸ்ட் மோடில் விட்டுப் படுக்கப் போகாதீர்கள். அந்த நிலையில் கரன்ட் போனால் கேம் அப்படியே போய்விடும், மறுபடி போடும்போது ஸ்டோரேஜைச் சரிபார்க்கும் திரைதான் வரும்.

யுபிஎஸ் வாங்குபவர்கள் கணக்குப் போட்டு வாங்குங்கள். பிஎஸ்4 ஸ்லிம் ஓடும்போது ஏறத்தாழ 100 வாட், 40 அங்குல எல்இடி டிவி 70 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 170 வாட். 1000 விஏ யுபிஎஸ்ஸில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு இருந்தால் 168 வாட்-மணி. இவ்வளவு வேகமாக இழுக்கும்போது லெட் ஆசிட் பேட்டரி அதில் பாதியைத்தான் தரும், அதாவது சுமார் அரை மணி நேரம். நிதானமாக சேவ் செய்து மூட அது தாராளம், இரண்டு மணி நேர வெட்டைத் தாண்ட ஆகாது. 1 கிலோவாட்-மணி லித்தியம் பெட்டி இருந்தால் நாலைந்து மணி நேரம் ஓடும். பியூர் சைன் வேவ் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள், மலிவு யுபிஎஸ்ஸின் சதுர அலையில் சில பவர் சப்ளைகள் தடுமாறி அணைந்துவிடும். லெட் ஆசிட் முழுதாக ஏற ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். அடுத்தடுத்து வெட்டு வந்தால் அது ஒருபோதும் முழுதாக ஏறாது, ஓராண்டிலேயே செத்துப்போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஜோஹானஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் கோடை மாலைகளில் இடி இறங்கும். வானம் கறுத்ததுமே சுவரிலிருந்து பிளக்கை உருவுங்கள், நெட்வொர்க் கேபிளையும் சேர்த்து.

முதல் இரண்டு பாகங்கள்

கதை 1986 நவம்பர் 29 அன்று யோகோசுகாவில் தொடங்குகிறது. ரியோ ஹசூகியின் கண்ணெதிரே அவன் தந்தை இவாவோவை லான் டி என்பவன் கொல்கிறான். அதன்பின் நீங்கள் செய்வதெல்லாம் தெருத்தெருவாகப் போய் விசாரிப்பதுதான். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் புதிதாக ஒரு தெருவுக்குள் போனால் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று தொடங்கி, மூன்று வீடு தாண்டித்தான் தேடி வந்த ஆள் கிடைப்பார். இங்கேயும் அதே கதை. ரியோவின் குறிப்பேட்டைத் திறந்து கடைசி வரியைப் படியுங்கள், அடுத்து எங்கே போவது என்பதற்கான துப்பு அதில்தான் இருக்கும்.

முதல் பாகத்துக்குக் காலக்கெடு உண்டு. 1987 ஏப்ரல் 15 வரை கதையை நகர்த்தாவிட்டால் ஆட்டம் தோல்வியில் முடியும். சாதாரணமாக விளையாடுகிறவர்கள் அதன் பக்கத்தில்கூடப் போகமாட்டார்கள், எனவே பதற வேண்டாம். முடிந்ததும் அந்த சேவ் கோப்பை அழிக்காதீர்கள். இரண்டாம் பாகம் தொடங்கும்போது அதை இறக்கிக்கொண்டால் கற்ற அடிகளும் பொருள்களும் கூடவே வரும். மூன்றாம் பாகத்துக்கு எதுவும் வராது, அங்கே ரியோ வெறுங்கையோடுதான் தொடங்குகிறான். இதைத் தெரியாமல் இரண்டாம் பாகத்தில் பணம் சேர்த்துக்கொண்டிருப்பது வீண்.

பைலு கிராமம்

மூன்றாம் பாகம், இரண்டாம் பாகம் நின்ற குகையிலேயே, 1987-ல் குயிலினில் தொடங்குகிறது. முதல் பாதி பைலு கிராமம், பிற்பாதி நியாவு என்னும் துறைமுக நகரம். மொழித் தேர்வில் ஜப்பானியக் குரலும் ஆங்கில எழுத்தும் வைத்துப் பாருங்கள். ஆங்கிலக் குரலில் கோரி மார்ஷல் மறுபடி ரியோவாக வந்திருக்கிறார், பழைய ஆட்களுக்கு அது பாசம். ஆனால் வசனங்கள் துண்டுதுண்டாக விழுகின்றன.

பெரும்பாலோர் மனம் விடுவது உடல்வலுப் பட்டையில். முந்தைய பாகங்களில் இல்லாத ஏற்பாடு இது: நடந்தாலும் ஓடினாலும் அந்தப் பட்டை குறையும், ஓடினால் மிக வேகமாக. சண்டை தொடங்கும்போது பட்டை எந்த அளவில் இருக்கிறதோ அதுதான் உங்கள் உயிர். ஓடிப்போய் எதிரியின் முன் நின்றால் பாதி செத்த நிலையில்தான் நிற்பீர்கள். "சண்டை மோசம்" என்று எழுதியவர்களில் பலர் இந்தக் குழிக்குள் விழுந்தவர்களே என்பது நம் கணிப்பு.

இதற்கு வழி பூண்டு. கடையில் கிடைக்கும் தின்பண்டங்களில், கொடுக்கும் காசுக்கு அதிக வலு தருவது அதுதான். கையில் காசு சேரும்போதெல்லாம் பத்திருபது வாங்கிப் பையில் போட்டுவையுங்கள். ஊருக்குள் நடங்கள், ஓடாதீர்கள். முக்கியமான சண்டை வரப்போகிறது என்று தெரிந்தால் முதலில் பட்டையை நிரப்பிக்கொண்டு போங்கள்.

பட்டையின் நீளத்தைக் கூட்டுவது பயிற்சி. குதிரை நிலை, ஓரங்குலக் குத்து, சேவல் நடை என்று மூன்று வகை இருக்கின்றன. தாக்கும் வலு வேறு கணக்கு: ஒவ்வொரு அடியையும் பயிற்சிச் சண்டையில் திரும்பத் திரும்பச் செய்து முற்றுவிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் வளர்த்தால் மற்றது காலை வாரும். தினமும் காலையில் எழுந்ததும் ஏதாவது ஒரு நிலைப்பயிற்சி, பிறகு இரண்டு பயிற்சிச் சண்டை என்று வைத்துக்கொண்டால் கதையில் எங்கும் முட்டி நிற்கமாட்டீர்கள். சண்டையில் பிடித்துத் தூக்கியெறிவது இந்தப் பாகத்தில் இல்லை. பழைய பழக்கத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

பணத்துக்கு மரம் பிளக்கும் வேலை நிதானமானது. வழியில் தென்படும் மூலிகைகளை ஒன்றுவிடாமல் பறியுங்கள், ஒற்றையாக விற்காமல் தொகுப்பாகச் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் கிடைக்கும். கேப்சூல் பொம்மைகளும் அப்படித்தான்: ஒரு வரிசை முழுதாகச் சேர்ந்தால் அடகுக்கடையில் கொடுத்துப் புதிய அடிகளுக்கான சுவடிகளை மாற்றிக்கொள்ளலாம். சூதாட்டத்துக்கு முன் சேவ், தோற்றால் மறுபடி திறப்பது. ஜெயிக்கும் டோக்கன் பணமாக வராது. பரிசுப்பொருளாக மாற்றி அடகுக்கடையில் விற்க வேண்டும்.

இந்தச் சேமிப்பு ஏன் என்றால், பைலுவின் கடைசிக் கட்டத்தில் உங்களை அடித்துப்போட்டவனை வெல்ல மூத்த ஆசான் ஒருவரிடம் போக வேண்டியிருக்கும். அவர் கேட்பது 50 ஆண்டு பழைய மது, விலை 2,000 யுவான். பை காலியாக இருந்தால் கதை அப்படியே நின்றுவிடும், நாள் முழுக்க விறகு பிளந்துகொண்டிருப்பீர்கள். கேமைத் திட்டியவர்கள் அதிகம் சுட்டிக்காட்டிய இடங்களில் இதுவும் ஒன்று, அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே சேர்த்து வைத்திருந்தால் உறுத்தாது.

இரவானதும், ரியோவோடு துணையாக வரும் பெண் ஷென்ஹுவாவின் வீட்டுக்குத் திரும்புங்கள். படுக்கும் முன் அவளோடு பேசும் பேச்சுகளைத் தாண்டிவிடாதீர்கள். கதையின் கொலையும் பழியும் நகராத நாள்களில்கூட அவை நகர்கின்றன, கேமின் உயிர் அங்கேதான்.

நியாவு

பைலுவைவிட்டுக் கிளம்பினால் திரும்ப முடியாது. மூலிகை, பொம்மை, சுவடி எதுவும் பாக்கி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தனி சேவ் ஒன்று வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நியாவுவில் பணத்துக்கு ஃபோர்க்லிஃப்ட் வேலை. முதல் பாகத்தின் துறைமுகத்தை விரும்பியவர்களுக்கு இது விருந்து. கடைகள் அதிகம், ஆள்கள் அதிகம், ஆனால் விசாரணை மெல்ல நகரும். திடீரென்று பட்டனை அழுத்தச் சொல்லும் காட்சிகளில் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு, தவறினால் காட்சி மறுபடி வரும். கன்ட்ரோலரைக் கையிலிருந்து இறக்காதீர்கள்.

விமர்சனங்களை எப்படிப் படிப்பது

2015 ஜூனில் இ3 கேம் கண்காட்சியில், சோனியின் மேடையில், தொடரை உருவாக்கிய யூ சுசூகி மூன்றாம் பாகத்துக்காக ரசிகர்களிடம் கிக்ஸ்டார்ட்டர் தளம் வழியாக நிதி திரட்டப்போவதை அறிவித்தார். 20 லட்சம் டாலர் இலக்கை ஒன்பது மணி நேரத்துக்குள் தாண்டி, கடைசியில் 69,320 பேரிடமிருந்து 63 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. முதலில் சொன்ன தேதி 2017 டிசம்பர், அது பலமுறை தள்ளிப்போனது. 2019-ல் பிசி பதிப்பு எபிக் இணையக் கடையில் மட்டும் என்று அறிவித்தபோது, இன்னொரு இணையக் கடையான ஸ்டீமில் கிடைக்கும் என்று நம்பிப் பணம் போட்டவர்கள் கொதித்தார்கள். பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. ஸ்டீமுக்கு வந்தது ஓராண்டு கழித்து. எனவே வெளியான வாரத்துக் குறைந்த மதிப்பெண்களில் ஒரு பகுதி கேமைப் பற்றியதே அல்ல.

விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் சராசரி 100-க்கு 70-ஐ ஒட்டி நின்றது. அந்த எண்ணைவிட, எழுதியவர் முதல் இரண்டை விளையாடியவரா என்று பாருங்கள். விளையாடியவர்கள் கிராமத்தின் அமைதியையும் தினசரி வாழ்வையும் புகழ்ந்தார்கள், கதை நகரவில்லை என்று வருந்தினார்கள். இரண்டும் உண்மை. மூன்றாம் பாகத்தோடு கதை முடியவில்லை, பாதிகூட வரவில்லை. இதை இப்போதே ஏற்றுக்கொண்டு உட்காருங்கள்.

கடைசியில் வரும் பழைய கோட்டைக்குப் புறப்படும் முன் இன்னொரு தனி சேவ் வையுங்கள், அதன்பின் நகருக்குத் திரும்ப வழியில்லை. கூடுதல் பகுதிகள் மூன்று 2020-ல் வந்தன. அவற்றில் ஸ்டோரி குவெஸ்ட் பேக் இரண்டாம் பாகத்தின் ஷாங் ஷூச்சினைத் திரும்பக் கொண்டுவருகிறது. ஒன்று மட்டும் வாங்குவதானால் அதை வாங்குங்கள். பிக் மெர்ரி குரூஸ் நியாவுவில் நிற்கும் கப்பல், உள்ளே சிறுசிறு விளையாட்டுகள். பேட்டில் ராலி ஓட்டமும் சண்டையும் கலந்த பந்தயம், கதையோடு ஒட்டாது. தள்ளுபடியில் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.