நல்ல மெஷின் வாங்கப் போகிறீர்களா? ஒரு துண்டுப் பலகையோடு போங்கள்

மர வேலைக் கருவிகளுக்கென்றே தனியாக நடக்கும் கடைகளுக்கு விலை கூடின மெஷின் வாங்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, வழக்கமாக எந்த மரத்தில் வேலை செய்கிறீர்களோ அதில் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள் என்பதுதான். கடையில் சோதனைக்கு வைத்திருக்கும் மரம் பெரும்பாலும் மென்மையானதாக, கணு இல்லாததாக இருக்கும், பிளேடும் புத்தம்புதிது, அதில் எந்த மெஷினை ஓட்டினாலும் வெண்ணெய் மாதிரி இறங்கும். உங்கள் கடினமான மரத்திலோ, லேமினேட் ஒட்டின பிளைவுட்டிலோ ஓட்டும்போதுதான் மோட்டார் திணறுகிறதா, விளிம்பில் பிசிறு வருகிறதா, உங்கள் மணிக்கட்டு அதைத் தாங்குகிறதா என்பதெல்லாம் தெரியும். சாதாரண ஹார்டுவேர் கடையில் பெட்டியைத்தான் பார்க்க முடியும். இங்கே மெஷினை வெளியே எடுத்து மேசையில் வைத்து, பிளக்கில் சொருகி, மரத்தில் ஓட்டிப் பார்க்க விடுவார்கள், விடவும் வேண்டும். அந்த வசதியைப் பயன்படுத்தாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் இப்படி ஒரு கடைக்குப் போனதற்கே அர்த்தமில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் வாங்கிய நல்ல சாண்டரை, அதாவது மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் மெஷினை, வாட் எவ்வளவு, சுற்று எவ்வளவு என்று படித்துப் பார்த்தே வாங்கினேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் உடம்பு என் உள்ளங்கைக்குப் பெரிது, இருபது நிமிடம் ஓட்டினால் விரல்கள் மரத்துப்போய் உளியைப் பிடிக்கக்கூட முடியாது. அடுத்த தடவை ஒரு மர வேலைக் கடைக்குப் போனபோது அங்கிருந்த பெரியவர் எந்த மெஷினையும் கையில் எடுப்பதற்கு முன்னால், "என்ன வேலைக்குங்க? பெயின்ட் சுரண்டவா, பாலிஷுக்கு முன்னாடி தேய்க்கவா?" என்று கேட்டார். அப்புறம் தட்டு ஆடும் வீச்சு 5 மில்லிமீட்டர் என்றால் மரத்தை வேகமாக எடுக்கும், 3 மில்லிமீட்டர் என்றால் மெதுவாக எடுத்தாலும் சுழிக்கோடு குறைவாக விழும் என்று இரண்டையும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிக் காட்டினார். பிறகு கடையிலிருந்த மூன்று சாண்டரைப் பத்துப் பத்து நிமிடம் பிடித்துப் பார்க்க விட்டார். அவர் கேட்ட அந்தக் கேள்விதான் எனக்கு இன்றைக்கும் அளவுகோல். உங்கள் வேலை என்னவென்று கேட்காமல் அலமாரியில் இருப்பதில் விலை அதிகமானதை எடுத்து நீட்டுகிற இடத்தில் அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள்.

கடைக்குப் போகும் முன்பு வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. கடந்த ஆறு மாதத்தில் என்னென்ன செய்தீர்கள், எந்த இடத்தில் நேரம் போனது, எந்த இடத்தில் மரம் வீணானது என்று ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணத்துக்கு ஃபெஸ்டூல் என்ற ஜெர்மன் கம்பெனியின் டொமினோவை, அதாவது இரண்டு மரத்தை இணைக்கத் துளை போடும் மெஷினை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கட்டர் சுற்றிக்கொண்டே பக்கவாட்டிலும் ஆடி, சில நொடிகளில் நீள்வட்டத் துளை போட்டுவிடும், அதில் பசை தடவி மரக்கட்டையைச் சொருகினால் கூட்டு தயார். பார்த்தாலே ஆசை வரும் மெஷின். ஆனால் நீங்கள் வருடத்துக்கு இரண்டு மேசை செய்கிறவர் என்றால் அந்தத் துளைகளை உளியாலோ, சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் ரவுட்டராலோ போட்டுவிடலாம், அந்தப் பணத்துக்கு நல்ல மரமே வாங்கலாம். வாரம் முழுக்க அலமாரியும் கதவும் செய்கிறவர் என்றால் மிச்சமாகும் நேரத்திலேயே அது தன் விலையைக் கொடுத்துவிடும். அதிலும் இரண்டு அளவு உண்டு, 500 என்ற சின்னது 4 முதல் 10 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள கட்டைகளுக்கு, 700 என்ற பெரியது 8 முதல் 14 வரை. அலமாரி செய்கிறவருக்குச் சின்னது போதும், கதவுச் சட்டமும் கட்டில் காலும் செய்கிறவருக்குத்தான் பெரியது. இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டால் கடையில் பளபளப்பைப் பார்த்து மனசு மாறாது.

சரி, கடைக்கு வந்தாச்சு. டிராக் சா, அதாவது தண்டவாளம் மாதிரியான நீளச் சட்டத்தின் மேல் ஓடி நேராக வெட்டும் ரம்பம், வாங்குகிறீர்கள் என்றால் முதலில் அந்தத் தண்டவாளத்தைப் பாருங்கள். வழக்கமாக மெஷினோடு வரும் தண்டவாளம் 1400 மில்லிமீட்டர். 2440-க்கு 1220 பிளைவுட்டைக் குறுக்கே வெட்ட அது போதும், நெடுக வெட்டப் போதாது. அதற்கு இரண்டு தண்டவாளத்தை இணைக்க வேண்டும், இல்லையென்றால் 3 மீட்டர் நீளத்தில் ஒன்று வேண்டும். இணைத்து ஓட்டுவதானால் இணைப்புத் தண்டு, நேர் பார்க்க ஒரு நீளமான மட்டப்பலகை, கிளாம்ப் என்று ஒவ்வொன்றாகச் சேரும். இதையெல்லாம் கூட்டின பிறகு வருவதுதான் மெஷினின் உண்மையான விலை. அப்புறம் தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும். முதல் தடவை ஓட்டும்போது அந்தப் பட்டையையே உங்கள் பிளேடு சரியாக வெட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு அந்த ஓரம்தான் வெட்டுக்கோடு, பிசிறு வராமல் மரத்தை அமுக்கிப் பிடிப்பதும் அதுதான். ஆகவே கடையில் வேறொரு மெஷின் வெட்டி வைத்த பட்டையில் சோதித்துவிட்டுப் பிசிறு வருகிறதே என்று ஒரு நல்ல மெஷினைத் தள்ளிவிடாதீர்கள், புதுப் பட்டையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெட்டின துண்டின் வெட்டு முகத்தில் நேரான மட்டப்பலகையை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இடையில் வெளிச்சம் தெரியாவிட்டால் வெட்டு நேர். மெஷினைத் தண்டவாளத்தில் வைத்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் அதைச் சரிசெய்யும் திருகு எங்கே என்று கேட்டு, அங்கேயே செய்து பார்த்துவிடுங்கள்.

ரவுட்டரில் நான் அதிகம் பயப்படுவது கோலெட், அதாவது வெட்டும் பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம், அந்த விஷயத்துக்குத்தான். கால் அங்குலம் என்றால் 6.35 மில்லிமீட்டர், அது 6 மில்லிமீட்டர் இல்லை. அரை அங்குலம் என்றால் 12.7, அது 12 இல்லை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். 12 மில்லிமீட்டர் பிட்டை 12.7 கோலெட்டில் போட்டு இறுக்கினால் இறுகின மாதிரியும் இருக்கலாம், ஆனால் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும்போது அது நழுவினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பிட்டில் இரண்டைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டே வாங்குங்கள். அதோடு இரண்டு கையும் பிடியில் இருக்கும்போதே சுவிட்சை அணைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். கையை எடுத்து அணைக்க வேண்டிய ரவுட்டர் எத்தனை நல்லதானாலும் நான் வாங்க மாட்டேன்.

வளைவு வெட்டும் ஜிக் சா என்றால் உங்களிடமிருக்கும் தடிமனான துண்டில் ஒரு வளைவு வெட்டி, வெட்டு முகத்தில் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். மேலே கோட்டில் போய்க் கீழே விலகியிருந்தால் அது பிளேடின் குற்றமாகவும் இருக்கலாம், ஆகவே வேறு பிளேடு போட்டு இன்னொரு தடவை.

டேபிள் சா, அதாவது மேசையில் பதித்த வட்ட ரம்பம், வாங்குகிறவர்கள் விரல் பட்டதும் பிளேடை நிறுத்திவிடும் சா ஸ்டாப் பற்றி நிச்சயம் கேட்பார்கள், கேட்க வேண்டிய விஷயம்தான். பிளேடில் ஒரு சின்ன மின் சமிக்ஞை ஓடிக்கொண்டே இருக்கும், தோல் பட்டவுடன் அது மாறும், மாறினதும் ஒரு அலுமினியத் துண்டு பிளேடுக்குள் பாய்ந்து சுமார் 5 மில்லிநொடிக்குள் நிறுத்திவிடும். விரல் போக வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கீறலோடு போகும். 2004-இலிருந்து சந்தையில் இருக்கிறது. கடைக்காரர் சொல்லாமல் விடக்கூடியதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு தடவை வேலை செய்தால் அந்த அலுமினியத் துண்டு இருக்கும் பிரேக் பெட்டியை மாற்ற வேண்டும், பிளேடும் பெரும்பாலும் போய்விடும். ரொம்ப ஈரமான மரமோ, மரத்துக்குள் இருக்கும் ஆணியோ பட்டாலும் அந்த பிரேக் அடித்துவிடலாம். அதனால் ஒரு மாற்றுப் பெட்டியும் ஒரு பிளேடும் முதல் நாளே சேர்த்து வாங்கிவிடுங்கள். இந்த ஒரு மெஷினுக்கு மட்டும் விலை அதிகம் என்று நான் யாரையும் தடுக்க மாட்டேன், விரலைவிட விலை உயர்ந்தது பட்டறையில் எதுவும் இல்லை.

தூசி பற்றியும் இங்கேயே கேட்டுவிடுங்கள், நிறையப் பேர் இதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட தொகுதியில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. கண்ணுக்குத் தெரியும் தூளைவிடத் தெரியாத நுண்தூசிதான் நுரையீரல்வரை போகும். ஆகவே மெஷின் வாங்கும்போதே அதன் தூசிக் குழாய் வாய் எத்தனை மில்லிமீட்டர், உங்களிடம் உள்ள உறிஞ்சியின் குழாய் அதில் இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். சாண்டருக்கு 27, ரம்பத்துக்கும் ரவுட்டருக்கும் 36 என்பது பல ஐரோப்பிய மெஷின்களில் வழக்கம். கடையில் ஓட்டிக் காட்டும்போது ஒரு நிமிடம் குழாயைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள், வித்தியாசம் உங்கள் சட்டையிலேயே தெரியும்.

பேட்டரி மெஷின் என்றால் நீங்கள் ஒரு மெஷினோடு நிற்கப் போவதில்லை, அந்த பேட்டரிக் குடும்பத்துக்குள் நுழைகிறீர்கள். ஒரு கம்பெனியின் பேட்டரி பொதுவாக இன்னொன்றில் ஏறாது. மெட்டாபோ என்ற ஜெர்மன் கம்பெனி 2018-இல் தொடங்கிய கூட்டணி மாதிரிச் சில இடங்களில் பல கம்பெனிகள் ஒரே 18 வோல்ட் பேட்டரியைப் பகிர்ந்துகொள்கின்றன, ஆகவே எந்தக் குடும்பத்தில் உங்களுக்கு வேண்டிய அடுத்த மூன்று மெஷினும் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு நுழையுங்கள். வெளிநாட்டிலிருந்து வருவிக்கிறவர்கள் மின்சாரத்தைப் பார்க்க மறக்காதீர்கள், 120 வோல்ட்டுக்குச் செய்த மெஷினை நேராக 230-இல் சொருகினால் அதன் ஆயுள் அந்த நொடியோடு முடியலாம்.

கடைக்காரரிடம் பேசும்போது "இது நல்லதா?" என்று கேட்டால் நல்லது என்றுதான் பதில் வரும். "இதில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?" என்று கேளுங்கள். மெஷினை நிஜமாகவே ஓட்டுகிறவர் உடனே சொல்வார், ஆழம் பூட்டும் திருகு தளர்ந்துவிடும் என்றோ, வயர் குட்டை என்றோ. ஓட்டாதவர் யோசிப்பார். ரிப்பேருக்கு அதிகம் திரும்பி வருவது எது, கடையிலேயே பிரிப்பார்களா இல்லை கம்பெனிக்கு அனுப்புவார்களா, அனுப்பினால் எத்தனை நாள், அதுவரை மாற்று மெஷின் தருவார்களா, கார்பன் பிரஷ்ஷும் பேரிங்கும் கையிருப்பில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். தொழிலாகச் செய்கிறவருக்கு மெஷின் இரண்டு வாரம் சர்வீஸில் கிடப்பது என்பது இரண்டு வாரக் கூலி. எனக்கு ஒரு கடையில் இப்படித்தான் ஆனது. விற்கும்போது இருந்த பேச்சு ரிப்பேருக்குப் போனபோது இல்லை, "கம்பெனியில கேட்டுச் சொல்றோம்" என்றே ஒரு மாதம் போய்விட்டது. அதிலிருந்து எந்த உறுதியையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்கிறேன், நல்ல கடைக்காரர் யாரும் இதற்கு முகம் சுளித்ததில்லை.

வாரண்டி அட்டையைக் கடையிலேயே படியுங்கள். சில கம்பெனிகளில் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிவு செய்தால்தான் முழு வாரண்டி. பிரஷ், பிளேடு, சாண்டர் தட்டு போன்ற தேய்கிற பாகங்கள் பெரும்பாலும் அதில் வராது.

விலைக்கு வருவோம். கடையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அவர் சொன்ன ஆலோசனையை எல்லாம் வாங்கிக்கொண்டு, வெளியே வந்து இணையத்தில் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கிறதென்று அங்கே வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, நான் செய்வதும் இல்லை. சில பிராண்டுகளில் எங்கே வாங்கினாலும் ஒரே விலைதான், அப்போது யோசிக்கவே வேண்டாம். விலையில் இறங்க முடியாத கடைக்காரர் ஒரு பிளேடோ ஒரு பெட்டி சாண்ட்பேப்பரோ சேர்த்துத் தருவார், கேட்பதில் தப்பில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மோகோலையும் தூக்கிப் போடாதீர்கள், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் நிஜமான ஒரு வேலையில் அதைப் போட்டு ஓட்டுங்கள். டேபிள் சாவோ, கோணம் வெட்டும் மைட்டர் சாவோ மூலை சரியாக வெட்டுகிறதா என்று பார்க்க ஐந்து வெட்டுச் சோதனை இருக்கிறது. ஒரு பலகையின் ஒரு பக்கத்தை வெட்டி, வெட்டின பக்கத்தைத் தாங்கும் பலகையோடு ஒட்டி வைத்து அடுத்த பக்கத்தை வெட்டி, இப்படியே நான்கு பக்கமும் சுற்றி, ஐந்தாவதாக முதல் பக்கத்திலிருந்து ஒரு பட்டையை வெட்டி எடுங்கள். அந்தப் பட்டையின் அகலத்தை இரண்டு முனையிலும் காலிப்பரால், அதாவது நுணுக்கமாக அளக்கும் கவ்வுகோலால், அளந்து பாருங்கள். பட்டையின் நீளம் 400 மில்லிமீட்டர், இரண்டு முனைக்கும் வித்தியாசம் 0.8 என்றால், நான்கால் வகுத்து 0.2, அதாவது 400 மில்லிமீட்டருக்கு 0.2 மில்லிமீட்டர் தப்பு. திருகைத் திருப்பிச் சரிசெய்து மறுபடி வெட்டிப் பாருங்கள். எத்தனை தடவை சரிசெய்தும் மறுபடி மறுபடி விலகினால் அந்தப் பட்டைகளின் மேலேயே தேதியையும் அளவையும் பென்சிலால் எழுதி, மெஷினோடு அவற்றையும் கடைக்கு எடுத்துப் போங்கள். நீங்கள் எதையும் விளக்கிச் சொல்வதற்கு முன்பே அவர் காலிப்பரைத் தேட ஆரம்பித்துவிடுவார்.