அப்பா அம்மா போனை இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிசெய்யுங்கள்

ஆன்லைன் மோசடி என்று பேச்சு வந்தாலே "உஷாரா இருங்க, ஓடிபி சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏமாற்றுகிறவன் நாம் உஷாராக இருக்கிற நேரம் பார்த்தா கூப்பிடுகிறான்? அடுப்பில் குக்கர் இருக்கும்போது, வாசலில் தண்ணி கேன் வந்து நிற்கும்போது, மதியம் கண் அசந்த நேரத்தில் கூப்பிடுகிறான். அந்த நிமிஷத்தில் நிதானமாக யோசிப்பது யாருக்குமே கஷ்டம். அதனால் யோசிக்க வேண்டியதை முன்னாடியே யோசித்து, போனிலும் வங்கிக் கணக்கிலும் செய்ய வேண்டியதைச் செய்து வைத்துவிட வேண்டும். அப்பா அம்மா மாம்பலத்திலோ பெரம்பூரிலோ தனியாக இருக்கிறார்கள், நீங்கள் ஓஎம்ஆர் பக்கமோ வெளிநாட்டிலோ இருக்கிறீர்கள் என்றால், அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது சாப்பிட்டு முடித்த கையோடு இதற்கென்று இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் பணம். பென்ஷன் வருகிற கணக்கையும் எஃப்டி வைத்திருக்கிற கணக்கையும் ஜிபே, போன்பே பக்கமே கொண்டுபோகாதீர்கள். வேறு ஒரு வங்கியில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, அதில் மாதச் செலவுக்கான பத்தோ பதினைந்தோ ஆயிரம், யூபிஐ அதற்கு மட்டும். நெட் பேங்கிங்கில் ஒரு நாளைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பையும் குறைத்துவிடுங்கள், பல வங்கிகளின் ஆப்பிலேயே அதற்கு வழி இருக்கிறது. டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தேவையில்லை என்றால் அதையும் அணைத்து வையுங்கள். இதெல்லாம் முடிந்ததும் அப்பாவிடம் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள்: யூபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பழைய சோபாவை ஆன்லைனில் விற்கப் போட்டால், "நான் ஆர்மியில இருக்கேன் சார், மீனம்பாக்கத்துக்கு மாத்திட்டாங்க, இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்று ஒருவன் பேசுவான். ஸ்கேன் பண்ணி பின் போட்டால் பணம் போகும், வராது. பொருளை நேரில் வந்து பார்க்காமலே முழுப் பணமும் தருகிறேன் என்று ஒருவன் சொன்னாலே பேச்சை நிறுத்திவிடலாம்.

அப்புறம் வாட்ஸ்அப். செட்டிங்ஸில் அக்கவுண்ட் என்பதற்குள் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் இருக்கும், அதில் ஆறு இலக்க எண் ஒன்றைப் போட்டு வையுங்கள். இது இருந்தால், எஸ்எம்எஸ்ஸில் வருகிற குறியீட்டை அம்மா யாருக்காவது தெரியாமல் சொல்லிவிட்டால்கூட, அதை மட்டும் வைத்து அந்தக் கணக்கை இன்னொரு போனில் திறக்க முடியாது. வாட்ஸ்அப்பிலேயே லிங்க்டு டிவைசஸ் என்பதையும் திறந்து பாருங்கள். பிரிண்ட் எடுக்கப் போன இடத்தில் வாட்ஸ்அப் வெப் திறந்துவிட்டு அப்படியே எழுந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது பட்டியலில் இருந்தால் உடனே லாக் அவுட் செய்யுங்கள்.

ஜெராக்ஸ் கடை விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் ஆபத்தாகவே நினைப்பதில்லை. ஆதார், பான், வங்கி பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் கடைக்காரர் சுவரில் ஒட்டியிருக்கும் நம்பருக்கு அனுப்பி, பிரிண்ட் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், அந்தக் கம்ப்யூட்டரில் டவுன்லோடு ஆன கோப்பு அங்கேயேதான் கிடக்கும், நம் பக்கத்தில் டெலீட் கொடுத்தாலும் அது போகாது. முடிந்தவரை மாஸ்க்டு ஆதாரை அனுப்புங்கள். ஆதார் வழங்கும் யூஐடிஏஐ அமைப்பின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், கடைசி நான்கு இலக்கம் மட்டும்தான் அதில் தெரியும். பிரிண்ட் வந்ததும், "அண்ணே, அந்த ஃபைலை டெலீட் பண்ணிடுங்க" என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எம்ஆதார் ஆப்பில் கைரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி உண்டு, தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் காட்டும், நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே புகார் சொல்லலாம்.

கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம், வங்கி கேஒய்சி என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பின் பெயர் ஏ, பி, கே என்ற மூன்று ஆங்கில எழுத்தில் முடிந்தால் அது பத்திரிகையும் இல்லை, அபராதச் சீட்டும் இல்லை. அது ஒரு ஆப். உள்ளே வந்தால் எஸ்எம்எஸ்ஸைப் படிக்க அனுமதி கேட்டு, ஓடிபியைத் தானே எடுத்துக்கொள்ளும், யாரும் உங்களிடம் கேட்கக்கூட வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ் என்று தேடி, வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள். அனுப்பியவர் சொந்த அத்தை மகனாகவே இருந்தாலும் திறக்க வேண்டாம், அவர் போன் ஏற்கெனவே மோசடிக்காரன் கைக்குள் போயிருக்கலாம்.

சென்னையில் வீட்டுக்கு வீடு வந்திருக்கிற ஒன்று கரண்ட் பில் மெசேஜ். "அன்பான வாடிக்கையாளரே, சென்ற மாத பில் அப்டேட் ஆகாததால் இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே எங்கள் அதிகாரியை அழைக்கவும்" என்று போட்டு ஒரு செல்போன் நம்பர் இருக்கும். நன்றாகப் பாருங்கள்: நமக்கு வீட்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மெசேஜில் மின் இணைப்பு எண்ணே இருக்காது, வந்திருப்பது யாரோ ஒருவரின் சொந்த நம்பரிலிருந்து. கூப்பிட்டால் "பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க, அப்டேட் ஆயிடும்" என்று சொல்லி, எனிடெஸ்க் மாதிரி ஒரு ஆப்பைப் போடச் சொல்வான். அதைப் போட்ட பிறகு நம் திரை அவனுக்குத் தெரியும். நங்கநல்லூரில் என் பெரியம்மாவுக்கு இந்த மெசேஜ் மாலை ஆறு மணிக்கு வந்தது. ராத்திரி ஃபேன் இல்லாமல் பெரியப்பா என்ன செய்வார் என்பதுதான் அவர் மனதில் முதலில் ஓடியது. அந்தப் பயத்தை நம்பித்தான் நேரத்தையே எழுதுகிறார்கள். சந்தேகம் வந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் கேளுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் ஈபி ஆபீசுக்கே போய்வாருங்கள். கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி எடுக்கவே எடுக்காதீர்கள், கார்டின் பின்பக்கத்திலோ பாஸ்புக்கிலோ அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புங்கள்.

வாழ்நாள் சேமிப்பையே கொண்டுபோவது டிஜிட்டல் அரெஸ்ட். உங்கள் பெயரில் மும்பையிலிருந்து போன பார்சலில் போதை மருந்து இருந்தது என்றோ, உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் குற்றம் நடந்திருக்கிறது என்றோ ஆரம்பிக்கும். அடுத்து வீடியோ காலில் சீருடை போட்ட ஒருவர், பின்னால் அலுவலகம் மாதிரி ஒரு அறை, சிபிஐ, அமலாக்கத் துறை முத்திரையோடு கடிதங்கள். கேமராவை அணைக்கக் கூடாது, அறையை விட்டுப் போகக் கூடாது, பிள்ளைகளிடம்கூடச் சொல்லக் கூடாது. கடைசியில், கணக்கைச் சரிபார்க்க வேண்டும், பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், சரிபார்த்ததும் திருப்பி வந்துவிடும் என்பார்கள். இப்படி வீடியோ காலில் ஒருவரைக் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே கிடையாது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை போலீஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. படித்தவர்களும் பெரிய பதவியில் இருந்தவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள், வாழ்நாள் முழுக்கச் சட்டத்துக்குப் பயந்து ஒழுங்காக வாழ்ந்தவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். யாரிடமும் சொல்லாதே என்று எப்போது சொல்கிறானோ அப்போதே போனை வைத்துவிட வேண்டும் என்று வீட்டில் பேசி வையுங்கள். பெரியம்மா வீட்டில் தினசரி காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறேன்: "கட் பண்ணு. எனக்குப் போன் பண்ணு. 1930." கடைசியில் இருப்பது சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண்.

குரலை நகல் எடுப்பது இப்போது சுலபமாகிவிட்டது. "அம்மா, ஆக்சிடெண்ட் ஆயிடுச்சு, இந்த நம்பருக்குப் பணம் போடு" என்று பிள்ளை குரலிலேயே வரலாம். வைத்துவிட்டு, போனில் ஏற்கெனவே சேமித்திருக்கும் எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். கூடவே வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஃபேஸ்புக்கில் கிடைக்காததாக.

சரி, இவ்வளவுக்கும் பிறகு பணம் போய்விட்டால்? யாரையும் திட்டிக்கொண்டு நிற்க நேரமில்லை, உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். போன பணம் ஒரு கணக்கில் தங்காது, அங்கிருந்து நாலைந்து கணக்காகப் பிரிந்து, ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடும். எடுப்பதற்குள் புகார் பதிவானால் வழியில் இருக்கும் வங்கிகள் அந்தத் தொகையை நிறுத்தி வைக்க முடியும். பரிவர்த்தனை எண், நேரம், தொகை, போன கணக்கு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். லைன் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்காமல் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதிவு செய்யுங்கள். அதே நேரத்தில் வீட்டில் இன்னொருவர் வங்கியைக் கூப்பிட்டு கார்டையும் யூபிஐயையும் முடக்கட்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ஓடிபியை நாமே சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் புகார் எண்ணையும் நேரத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. ஸ்கிரீன்ஷாட், வங்கி ஸ்டேட்மெண்ட், ஆதார் நகல் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி காவல் நிலையத்திலோ சைபர் கிரைம் பிரிவிலோ எழுத்துப்பூர்வமாகவும் கொடுங்கள்.

இதற்கு அப்புறம் இன்னொரு போன் வரலாம், தயாராக இருங்கள்: "உங்க பணம் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டோம், ஃபைல் சார்ஜ் கட்டினா ரிலீஸ் பண்ணிடலாம்" என்று வக்கீல் மாதிரியோ அதிகாரி மாதிரியோ பேசுவான். மீட்டுத் தருவதற்கு போலீஸும் வங்கியும் கட்டணம் கேட்பதில்லை. அந்த நம்பரையும் புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.